1988 வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தல்: நழுவவிட்ட வாய்ப்பா, பறிக்கப்பட்ட வாக்கா?

பாம்பன்வாசி:
இலங்கையில் மாகாண சபைத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் நடத்தப்படாமல் கிடக்கின்றன. இதைப் பற்றி எங்கள் கரையில் பேச்சு எழும்போதெல்லாம், 1988இல் கைக்கு வந்த சபையைத் தமிழர் தரப்பே நழுவவிட்டது என்று நான் சொல்லி வருகிறேன். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வழியாகத்தான், மாகாண சபைகளை உருவாக்கிய இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும், வடக்கும் கிழக்கும் இணைந்த ஒரே மாகாணமும் வந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 19இல் தேர்தல் நடந்தபோது விடுதலைப் புலிகள் அதைப் புறக்கணித்ததோடு வாக்களிக்கச் செல்வோரையும் மிரட்டினர். தெற்கிலோ அதே மாகாண சபைகளை எதிர்த்து, சிங்கள இடதுசாரி அமைப்பான ஜே.வி.பி. வேட்பாளர்களைக் கொன்றது. இரண்டு முனையிலும் ஆயுதம் ஏந்தியவர்கள் வெறுத்த ஒரு சபையில் பொதுமக்களுக்கு நன்மை இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

திருகோணமலை மகள், மண்டபம் முகாம்:
ஐயா, ஒன்றை இரண்டு பேர் வெறுத்தார்கள் என்பதால் அது நல்லதாகிவிடாது. அந்தச் சபையின் 71 இடங்களில் 36 வடக்குக்கு உரியவை. அந்த 36 இடங்களும் போட்டியே இல்லாமல் ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப். என்ற இரண்டு தமிழ் ஆயுத அமைப்புகளுக்குள் பங்கிடப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஒருவர்கூட வாக்குச் சீட்டைக் கையில் வாங்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு சபையை, மக்கள் நழுவவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

வாக்களித்தவர்களின் கதையையும் சொல்கிறேன். என் அப்பா திருகோணமலையில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று வாக்களித்தவர். போரை நிறுத்த வேறு வழி இல்லை என்று மனதார நம்பியவர். அடுத்த ஆண்டு, அந்தச் சபையை ஆண்ட தரப்பினரே ஊர் ஊராகக் கட்டாய ஆள்சேர்ப்பு நடத்தினார்கள். ‘பிள்ளை பிடி’ என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் அண்ணனைத் துவக்குடன் வந்தவர்கள் ஏற்றிப் போனார்கள். அவனுக்கு அப்போது பதினேழு வயது. அவன் திரும்பி வரவில்லை.

பாம்பன்வாசி:
அம்மா, உங்கள் அண்ணனை வைத்துக்கொண்டு நான் வாதாட மாட்டேன். வடக்கைப் பற்றி நீங்கள் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் வேட்புமனு கொடுத்தால் உயிர் போகும் என்ற நிலையை உண்டாக்கியவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கிழக்கில் நடந்தது உண்மையான போட்டி. அங்கிருந்த 35 இடங்களில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1 என்ற முடிவை முன்கூட்டி எழுதி வைத்திருக்க முடியாது.

1990 மார்ச் 1இல் முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் ஈழப் பிரகடனம் செய்ததும், அதே மாதம் 24இல் இந்திய அமைதிப்படையின் கடைசி அணி கப்பலேறியதும், ஜூனில் மறுபடியும் போர் மூண்டதும் அடுத்தடுத்து நடந்தவை. அதற்குப் பிறகு தனுஷ்கோடிக்கு அப்பால் கடல் நடுவே உள்ள மணல் திட்டுகளான தீடைகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களை எங்கள் படகுகளில் ஏற்றி வந்திருக்கிறோம். ஒரு தாய் குழந்தைக்குத் தண்ணீர் கேட்ட குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. குறையுள்ள அந்தச் சபை நிலைத்திருந்தால் அவர்களில் பலர் தீடைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் வாதத்தின் வேர்.

கீழக்கரையான்:
இருவரும் தமிழர் தரப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். வடக்கோடு இணைந்தால் தாங்கள் மிகச் சிறுபான்மையாகிவிடுவோம் என்று கிழக்கின் முஸ்லிம்கள் அஞ்சினார்கள். அஞ்சியபோதும் தேர்தலில் நின்று 17 இடங்களைப் பெற்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 1990 அக்டோபரில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாருடைய வாய்ப்பு பறிபோனது என்று கேட்கும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.

திருகோணமலை மகள், மண்டபம் முகாம்:
கீழக்கரை அண்ணா சொன்னது சரி. நான் அதை விட்டுவிட்டேன். பாம்பன் ஐயா, நான் தேர்தலையே எதிர்க்கவில்லை. 2013 செப்டம்பர் 21இல் வடக்கில் முதன்முறையாக உண்மையான போட்டி வந்தபோது, அதற்குச் சற்று முன் ஒரு பெண் வேட்பாளரின் வீடு தாக்கப்பட்டிருந்தும், சனங்கள் போய் வாக்களித்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 இடங்களைக் கொடுத்தார்கள். கேட்டால் பதில் சொல்லக்கூடிய மக்களை 1988இல் யாரும் கேட்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

பாம்பன்வாசி:
‘தமிழர் தரப்பே நழுவவிட்டது’ என்று எழுதியதை வடக்கைப் பொறுத்தவரை திரும்பப் பெறுகிறேன். கிழக்கைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. உங்கள் அப்பா அன்று வரிசையில் நின்றது வீண் என்று என்னால் ஒப்ப முடியாது.

திருகோணமலை மகள், மண்டபம் முகாம்:
அவரும் அதை வீண் என்று ஒருநாளும் சொன்னதில்லை, ஐயா. இந்தியா வர மன்னார் பக்கம் பேசாலையில் வள்ளம் ஏறும்போது வாக்காளர் அட்டையையும் அண்ணனின் பள்ளிக்கூடப் படத்தையும் ஒரே பையில்தான் வைத்திருந்தார்.