புரொஜெக்டர் ‘லூப்’: வளையமா, தொய்வா, விடுவளைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் புரொஜெக்டர் பழுதுபார்ப்புக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். வீட்டுப் புரொஜெக்டருக்குள் பிலிமைத் தளர்வாக வளைத்து விடும் இடமான ‘லூப்’புக்குச் சுருள், வளையம், தொய்வு என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு உவப்பாக இல்லை. கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய சூப்பர் 8 (வீட்டுப் படங்களுக்கான 8 மி.மீ. பிலிம்) புரொஜெக்டர் ஒன்று இப்போது என் மேசையில் பிரிந்து கிடக்கிறது. ஆகவே அகராதியை மூடிவைத்துவிட்டு அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

சுருளை முதலிலேயே தள்ளிவிடலாம். 50 அடிப் பிலிம் சுற்றியிருப்பதையே சுருள் என்கிறோம். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை வேண்டாம். வளையம் என்றால் முனையோடு முனை சேர்ந்திருக்க வேண்டும். இங்கே எதுவும் சேரவில்லை.

அந்த இடத்தில் நடப்பது இதுதான். பற்சக்கரம் நிற்காமல் ஒரே சீராகப் பிலிமை அனுப்பிக்கொண்டிருக்கிறது. லென்சுக்குப் பின்னால் பிலிமைப் பிடித்துவைக்கும் ‘கேட்’டிலோ, பிலிமின் ஓரத் துளையில் மாட்டும் இழுகொக்கி ஒரு சட்டகத்தை, அதாவது ஒரு படத்தை, கீழே இழுக்கிறது, விடுகிறது, பிலிம் லென்சுக்கு நேரே அசையாமல் நிற்கிறது, மறுபடி இழுப்பு. வழக்கமான வேகத்தில் நொடிக்கு 18 முறை. ஆற்றில் தண்ணீர் விடாமல் வர, வயலுக்கு முறை வைத்துத் திறக்கும்போது நடுவில் ஒரு குளம் செய்கிற வேலையைக் கேட்டுக்கு மேலும் கீழும் பிலிமில் விடப்படும் வளைவு செய்கிறது. அது சிறுத்துப்போனால் திரையில் படம் குதிக்கும்; சரிசெய்யாமல் விட்டுவைத்தால் கொக்கி துளைகளைக் கிழித்துவிடும்.

‘தொய்வு’ இந்த வேலையை ஓரளவு சொல்கிறது என்பது உண்மை. ஆனால் பழுதுபார்ப்புக் குறிப்பில் ‘கீழ்த் தொய்வு குறைந்துவிட்டது’ என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர், நல்லதாகப் போயிற்று என்று மூடியைப் போட்டுவிடுவார்.

பிலிமைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை என்னுடையது. நெம்புகோலை அழுத்தினால் வளைந்த வழிகாட்டிகள் இரண்டும் நெருங்கி வந்து பிலிமுக்கு ஒரு குகைவழி போல் ஆகின்றன. முனை அதற்குள் புகுந்து, வளைந்து, கேட்டைக் கடந்து மறுபுறம் வந்துவிடுகிறது. வந்ததும் வழிகாட்டிகள் விலகிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அந்த வளைவு எதன்மேலும் உரசாமல் காற்றில் நின்று துடிக்க முடியும். சித்தப்பாவின் இயந்திரத்தில் அவை விலகவில்லை. பல ஆண்டுக் கிரீஸ் அச்சாணியில் பழுப்பு மெழுகாக இறுகியிருந்தது. வழிகாட்டிகளை விலக்கும் ஸ்பிரிங்குக்கு அதை மீறும் வலு இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்த பிறகு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அதற்கு மேல் விடக்கூடாது: வழிந்து பிலிமில் பட்டால் அது தனித் தலைவலி. இப்போது ‘டக்’கென்று விலகுகிறது.

எனவே என் முன்மொழிவு: விடுவளைவு. வளைத்துப் பிறகு விடுவது என்ற இரண்டு செயலும் அதில் இருக்கின்றன. மேல் விடுவளைவு, கீழ் விடுவளைவு என்று பிரிக்கலாம். வளைவை உருவாக்கும் உறுப்பு வளைவு வழிகாட்டி. ஓடும்போது இழந்த வளைவைத் திரும்பத் தரும் சிறு உருளை விடுவளைவு மீட்பி. திருவாரூர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “லூப் என்றே இருக்கட்டுமே தம்பி” என்றார். பேச்சில் அப்படியே இருக்கட்டும். நாம் கேட்பது கையேட்டுக்கு.

தானாகப் பிலிம் ஏற்றும் அமைப்புக்குத் ‘தன்கோப்பு’ என்று வந்த பரிந்துரையைக் கைவிடலாம். கோப்பு என்றதும் தாலுகா அலுவலகம் கண்முன் வருகிறது. ஆபரேட்டர்கள் ‘பிலிம் ஏற்றுவது’ என்றுதானே சொல்கிறார்கள்? ‘தானேற்றம்’ போதும். கேட்டுக்கு ‘மதகு’ என்றது டெல்டாக்காரனான எனக்கு இனிக்கிறது. ஆனால் மதகு நீரின் அளவைக் கட்டுப்படுத்துவது, கேட் பிலிமைத் தட்டையாகப் பிடித்துவைப்பது. ‘படவாயில்’ என்றால் யாருக்காவது மறுப்பு உண்டா?

கையேட்டில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும்: ஏற்றுவதற்கு முன் பிலிமின் முனையை இயந்திரத்திலேயே உள்ள வெட்டியால் நறுக்கவும்; சுருண்ட முனையும் கிழிந்த முனையும் வழிகாட்டியில் முட்டி நின்றுவிடும். முதல் சோதனையை வெற்றுப் பிலிமில் செய்யவும். சித்தப்பா 1980 மகாமகத்தில் எடுத்த சுருளை நான் இன்னும் டப்பாவை விட்டு வெளியே எடுக்கவில்லை.