ஏ4 வீதி ஆய்வு: டேப்பைக் கண்டாலே கடைக்காரர் பேச மறுக்கிறார்கள்

வந்தாறுமூலை மாணவன்:
வணக்கம். நான் புவியியல் மூன்றாம் வருடம். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்திலிருந்து காத்தான்குடி வரைக்குமான ஏ4 பிரதான வீதியை எப்படித் திருத்தலாம் என்று அங்குள்ளவர்களோடு சேர்ந்து வரைபடம் தயாரிப்பதுதான் எங்கள் குழு வேலை. ஆனால் அளவு நாடாவை விரித்த உடனே “ரோட்டை அகலிக்கப் போறீங்களா, எந்த ஒபிஸ்?” என்கிறார்கள். மாணவர்கள் என்று சொன்னாலும் நம்புவதில்லை. என்ன செய்யலாம்?

ஆரையம்பதியான்:
பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஹாட்வெயார் காக்கா:
தம்பி, கடிதத்தோடு வந்தால் இன்னும் பயப்படுவோம். சீல் குத்திய தாளோடு யாரும் எங்களுக்கு நல்ல செய்தி கொண்டு வந்ததில்லை. நான் காத்தான்குடியில் ரோட்டோரக் கடைதான். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இந்தத் துண்டு நிலத்தில் ரோட்டை அகலித்தால் போவது எங்கள் முன்சுவர். அதனால்தான் அந்தக் கேள்வி.

டேப்பை விட்டுவிட்டு வாருங்கள். என் கடை வாசலைப் பாருங்கள். தாருக்கு மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, நாங்கள் பள்ளத்தில் நிற்கிறோம். வாப்பா காலத்தில் கடைக்குள் படியேறி வருவார்கள், இப்போது இறங்கி வருகிறார்கள். மார்கழி மழைக்குக் கான் (வடிகால்) நிரம்பினால் தண்ணீர் நேரே சீமெந்து மூட்டைக்குத்தான் வரும். சுவரில் கறை நிற்கிறது. அதை அளக்க வந்தால் டேப்பின் மறுமுனையை நானே பிடிப்பேன்.

ரோட்டு நடுவிலுள்ள பேரீச்சை மரங்களைப் படம் பிடிக்க நிறையப் பேர் வருகிறார்கள், சரி, அழகுதான். ஆனால் வயதான உம்மாமார் எந்த இடைவெளியால் ரோட்டைக் கடக்கிறார்கள், பள்ளிக்கூடம் விடும் நேரம் பஸ் எங்கே நிற்கிறது, சாமான் லொறி எங்கே இறக்குகிறது என்று யாரும் குறித்துக்கொண்டு போனதில்லை. லுஹர் (நண்பகல்) தொழுகைக்குப் பிறகு அஸர் (மாலை) தொழுகை வரை கடையில் ஆள் குறைவு, அப்போது வாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மட்டும் வராதீர்கள்.

புலம்பெயர் மட்டு:
காக்கா சொல்வதே சரி. அமெரிக்காவில் ஒரேகன் பல்கலைக்கழகம் 2009இல் ஒரு திட்டம் தொடங்கியது: ஒரு கல்வியாண்டுக்கு ஒரே நகரம், பல பாடநெறி மாணவர்களும் அந்த நகரத்துப் பிரச்சினையையே எடுப்பார்கள். எது பிரச்சினை என்று சொல்வது நகரம். உங்கள் குழு முதலில் தலைப்பை எடுத்துக்கொண்டு, பிறகு ஆட்களைத் தேடுகிறது.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 2003இல் மேம்பாலச் சாலையைப் பிரித்துக் கீழே மூடிக் கிடந்த ஓடையைத் திறந்தார்கள். 2005இல் முடிந்தது. உலகமே புகழ்ந்தது. ஆனால் அங்கே தெருவில் வியாபாரம் செய்தவர்களை ஒரு பழைய விளையாட்டரங்குக்கு அனுப்பினார்கள், பிறகு அங்கிருந்தும் எழுப்பினார்கள். உங்கள் வரைபடத்தில் நடைபாதை வியாபாரிக்கும் ஒரு இடம் போடுங்கள்.

வந்தாறுமூலை மாணவன்:
நன்றி காக்கா. எங்கள் விரிவுரையாளரிடம் சொன்னேன், தண்ணீர்க் கறையிலிருந்தே தொடங்கச் சொல்கிறார். பாலத்துப் பக்கத்துக் கடைகளிலும் கேட்கப் போகிறோம். சனிக்கிழமை வரலாமா?

ஹாட்வெயார் காக்கா:
சனி லொறி வரும், நிற்க இடம் இருக்காது. ஞாயிறு வாருங்கள். கறுப்பு மார்க்கர் ஒன்று கொண்டு வாருங்கள், பக்கத்துக் கடைச் சுவர்களிலும் மட்டம் கீற வேண்டும்.