அம்மாவுக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பார்கள்?

கேள்வி (தம்பியின் அக்கா):
என் தம்பிக்கு 36 வயது. பதினான்கு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். டெல்டாவில் ஒரு கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறான். என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அம்மாவுக்கு 71 வயது. போன மாதம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து படுத்திருக்கிறார். அந்த மூன்று வாரத்தில் தம்பியின் மாத்திரை நின்றுவிட்டது. வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. எடுத்துக் கையில் கொடுக்க ஆளில்லை. இப்போது இரவெல்லாம் கிணற்றடியில் உட்கார்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறான்.

சித்தப்பா முதல் பக்கத்து வீட்டார் வரை எல்லோரும் "ஹோமில் விட்டுவிடு" என்கிறார்கள். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுபவன் அவன். அம்மாவுக்கு வெந்நீர் வைப்பவனும் அவன்தான். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்க அரசில் யாராவது உண்டா?

பதில் 1 (ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர்):
சகோதரி, முதலில் இந்த வாரம் செய்ய வேண்டியது. இரவு தூங்காமல் இருப்பதை நீளவிடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவை இருக்கிறது, எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். தம்பி வர மறுத்தால் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் போய் நிலைமையைச் சொல்லுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அவருக்குப் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள். தினமும் மாத்திரை கொடுக்க ஆளில்லாத வீடுகளில் அந்த ஊசி எத்தனையோ பேரைக் காப்பாற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழி உங்கள் அம்மாவின் இடுப்பிலேயே இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அம்மாவுக்காகப் பதிவு செய்யுங்கள். ஊர்ச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் அந்த வாசற்படியை மிதிக்கத் தொடங்கினால் தம்பியும் அவர் கண்ணில் படுவார்.

இது சுற்றுவழி என்று எனக்குத் தெரியும். நேர்வழி இருந்திருக்க வேண்டும். 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. மருந்தை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டோம், ஆளை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசுச் செலவில் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. வீட்டைச் சார்ந்த மறுவாழ்வுச் சேவையும், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கித் தேறும் இடைநிலை இல்லங்களும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. மனுக் கொடுக்கும்போது இந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

பதில் 2 (அண்ணனை இல்லத்தில் சேர்த்தவர்):
செவிலியர் அம்மா சொல்வது சரிதான். ஆனால் யாரும் வராத ஊரில் ஒரு பெண் எத்தனை நாள் இரண்டு வீட்டுக்கு அலைவார்? என் அண்ணனை நான்கு ஆண்டுகளுக்கு முன் இல்லத்தில் சேர்த்தேன். வேளைக்குச் சாப்பிடுகிறார், உடம்பு தேறியிருக்கிறது. சேர்ப்பவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

பதில் 1 தொடர்ச்சி:
தம்பி, உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பதிவு பெற்ற நல்ல இல்லங்கள் இருக்கின்றன. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 எனக்கு மறக்காது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள். அவர்களையும் வீட்டார்தான் கொண்டுவந்து விட்டார்கள், வேறு போக்கிடம் இல்லாமல். அந்தப் போக்கிடத்தைத்தான் அரசிடம் கேட்கச் சொல்கிறேன்.

ஆள் வந்தால் என்ன மாறும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் உதவியும் கிடைத்தது. பலன் மிதமானதுதான். ஆனாலும் அன்றாட வேலைகளைச் செய்துகொள்வதில் அவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அந்தப் பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். ஊரில் படித்துவிட்டு இருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் முடிகிற வேலை இது.

பதில் 3:
எனக்கும் அதே நோய்தான். ஒன்பது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன், ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். அக்கா, ஹோம் பற்றி அவர் காதுபட யாரையும் பேசவிடாதீர்கள். எங்களுக்கு ஏற்கெனவே நிறையக் குரல்கள் கேட்கும். அந்தச் சொல்லும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
வியாழக்கிழமை தாலுகா மருத்துவமனைக்குப் போனோம். தம்பி பஸ்ஸில் ஏற மறுத்து, அம்மாவே சொன்ன பிறகு வந்தான். ஊசி போட்டார்கள். அடுத்தது நான்கு வாரம் கழித்து. இயன்முறை சிகிச்சைக்கு ஒரு பெண் நேற்று வந்தார். அம்மாவின் காலைப் பிடித்து நீட்டும்போது, "நீங்கள் இந்தப் பக்கம் தாங்குங்கள்" என்று தம்பியைக் கூப்பிட்டாராம். அவனும் போய்த் தாங்கியிருக்கிறான். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், 18, 19 இரண்டையும் போட்டு.