64 கோர் போட்டும் சிமுலேஷன் ஏன் வேகமாகவில்லை?

பெருமாள்புரம் பிளாஸ்மா:

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆய்வுப் படிப்புக்காக லேசர்-பிளாஸ்மா ஆக்சிலரேட்டரை ஸ்மைலி (Smilei) என்ற பிளாஸ்மா நிரலில் சிமுலேட் செய்கிறேன். 1979இல் டஜிமாவும் டாசனும் சொன்ன யோசனைதான்: லேசர் துடிப்பு பிளாஸ்மாவுக்குள் ஓடும்போது பின்னால் எழும் அலை எலக்ட்ரான்களை இழுத்துக்கொண்டு போகும்.

சிமுலேட் செய்யும் இடம், அதாவது என் பெட்டி, 2048 × 256 × 256 செல் (சின்னக் கட்டம்). செல்லுக்கு 2 மேக்ரோ துகள் (பல நிஜத் துகளுக்குப் பதிலாக நிற்கிற ஒன்று). 1 மில்லிமீட்டர் வாயுவைக் கடக்க ஏறத்தாழ 25,000 கால அடி (டைம் ஸ்டெப்). பெட்டியை மொத்தம் 64 பேட்சாக, அதாவது துண்டாக, வெட்டியிருக்கிறேன். வெளியூரில் இருக்கிற கிளஸ்டர் (பல கம்ப்யூட்டர் சேர்ந்த தொகுப்பு) ஒன்றில் ஓட்டுகிறேன். 32 கோரில் (ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி) 44 மணி நேரம் ஆனது. பாதியாகும் என்று நம்பி 64 கோர் கேட்டு, இரண்டு நாள் வரிசையில் காத்திருந்து ஓட்டினால் 39 மணி நேரம்! ஸ்கிரிப்டை நாலு தடவை படித்துவிட்டேன், பிழை ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று. போன மாதம் வீட்டுக் கம்ப்யூட்டரின் டெர்மினல் வழியே கிளஸ்டரில் நேரடியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது காற்றும் மழையுமாக வீட்டில் கரண்ட் போய், 11 மணி நேர ஓட்டம் அப்படியே போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. அண்ணாச்சிமார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.

கடையம்காரி:

தம்பி, பிழை ஸ்கிரிப்டில் இல்லை. வேலையைப் பங்கு போட்ட விதத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றுவார்கள். சாயங்காலம் கடைக்கு ஆயிரம் பீடி போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெட்டிய இலையை நாலு முறத்தில் சமமாகப் போட்டு ஆளுக்கு ஒன்று தருவார்கள். அக்கா முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். என் முறத்தில் பாதி அப்படியே கிடக்கும். நான் முடிக்கிற வரைக்கும் யாரும் கடைக்குக் கிளம்ப முடியாது. அப்புறம் அம்மா இலையை நடுவில் குவித்து, கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் சும்மா உட்காரவில்லை.

உங்கள் 64 பேட்ச் அந்த நாலு முறம் மாதிரி. லேசருக்குப் பின்னால் உண்டாகிற குமிழிக்குள் பிளாஸ்மா எலக்ட்ரான் ஏறக்குறைய இருக்காது, எல்லாம் அதன் ஓரத்திலும் வாலிலும் நெருக்கிக்கொண்டு நிற்கும். வாயு இன்னும் தொடங்காத இடத்தில் துகளே கிடையாது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் எல்லாக் கோரும் ஒன்றுக்கொன்று காத்திருந்துதான் அடுத்த அடிக்குப் போகும். 64 கோருக்கு 64 பேட்ச் என்றால் ஆளுக்கு ஒன்று, கைமாற்றிக் கொடுக்க எதுவுமே மிச்சமில்லை. ஸ்மைலி பேட்ச்களை ஹில்பர்ட் வளைகோட்டின் (பெட்டி முழுவதையும் வளைந்து வளைந்து தொடும் ஒரே கோடு) வழியே வரிசைப்படுத்தி, சுமை கூடியவரிடமிருந்து குறைந்தவருக்கு ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றிவிடும். அந்த அருமையான வசதியை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

64 × 16 × 16 என்று 16,384 பேட்சாக வெட்டுங்கள். ஒன்றுக்கு 32 × 16 × 16 செல் வரும். பேட்ச் சிறிதானால் ப்ராசசரின் கேஷ் நினைவகத்தையும் நன்றாகப் பயன்படுத்தும். சாக்கெட்டுக்கு (ஒரு ப்ராசசர் சிப்புக்கு) ஒரு எம்பிஐ புரோசஸ் (தனி நினைவகத்தோடு ஓடும் வேலை) வைத்து, அதிலுள்ள கோர்களை ஓப்பன்எம்பி திரெட்டுக்கு (அந்த நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் உள்வேலை) கொடுங்கள், ஷெட்யூலை டைனமிக் (காலியானவர் அடுத்ததை எடுப்பது) என்று வையுங்கள். ஒரே புரோசஸுக்குள் இருக்கிற திரெட்கள் நடுக்குவியலிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்ளும். முழுசாக ஓட்டாமல் முதலில் 2,000 அடி மட்டும் ஓட்டி நேரத்தைப் பாருங்கள்.

வள்ளியூர் அண்ணாச்சி:

கரண்ட் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். டெர்மினலில் ஓட்டாதீர்கள், எஸ்பேட்ச் (sbatch) என்ற கட்டளை கொடுத்து, கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டுகிற ஸ்லர்ம் மென்பொருளிடம் ஒப்படையுங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் கரண்ட் போனாலும் வேலை அங்கே பாட்டுக்கு ஓடும். செக்பாயின்ட்டும் (அந்த நேரத்து நிலையின் சேமிப்பு) எழுதச் சொல்லுங்கள், நேர வரம்பு முடிந்து நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கூடவே ஒரு யோசனை. முப்பரிமாணத்தில் செல் அளவைப் பாதியாக்கினால் செல் 8 மடங்கு, கால அடியும் பாதியாக வேண்டும், ஆக 16 மடங்கு செலவு. அதனால் அளவுகளைத் தேடுகிற கட்டத்தில் உருளை வடிவத்தில், 2 மோடில் (அச்சைச் சுற்றிய மாற்றத்தை இரண்டே அலை வடிவமாக எடுத்துக்கொள்வது) ஓட்டுங்கள். லேசரும் பிளாஸ்மாவும் அச்சைச் சுற்றி ஏறக்குறைய சமச்சீராக இருந்தால் அதுவே போதும். கடைசி ஓட்டத்துக்கு மட்டும் முழு முப்பரிமாணம். திருச்சி என்ஐடியில் 2022இல் வந்த பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு). அவ்வளவு பெரிய மெஷினிலும் சும்மா நிற்கிற ஒவ்வொரு கோரும் வரிசையில் நிற்கிற இன்னொரு மாணவருடையது.

பெருமாள்புரம் பிளாஸ்மா:

அக்கா, ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதே 64 கோர், முதல் 2,000 அடி. முன்பு 3 மணி 10 நிமிடம், இப்போது 1 மணி 50 நிமிடம். லாகில் அந்த எண்ணைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்கு ஸ்மைலி புரியவில்லை, பீடிக் கதை உடனே புரிந்துவிட்டது.

அண்ணாச்சி, உருளை ஓட்டம் 16 கோரில் நாலு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதை வைத்து வாயு அடர்த்தியை ஐந்து விதமாக மாற்றி நேற்று ராத்திரி எஸ்பேட்ச் கொடுத்தேன். நடுவில் கரண்ட் போனது. காலையில் எழுந்து பார்த்தால் மூன்று முடிந்து, நாலாவது ஓடிக்கொண்டிருக்கிறது.