ஆங்கில மெமரி போயம் ஒப்பிக்கிறார்கள், ஒரு சொல் வாசிக்க வரவில்லை: எங்கே தொடங்குவது?

சுண்ணக்கட்டி:
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, 6-ஆம் வகுப்பு, 31 பிள்ளைகள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். ஆங்கிலப் பாடத்தில் வரும் மெமரி போயத்தை (மனப்பாடப் பாட்டை) தட்டாமல் ஒப்பிக்கிறார்கள். அதே பாட்டில் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டினால் வாயே திறப்பதில்லை. கடை வைத்திருப்பவர், அரசு வேலையில் இருப்பவர் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் மட்டும் சரளமாக வாசிக்கிறார்கள். வசதிதான் காரணமா? தினம் ஒரு பீரியடு கையில் இருக்கிறது.

கரும்பலகை:
வசதி நேராக வேலை செய்வதில்லை சார். அதோடு வருகிற இரண்டு விஷயங்கள்தான் வேலை செய்கின்றன: சின்ன வயதிலேயே காதில் விழுந்த ஆங்கிலச் சொற்கள், சாயங்காலம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.

தமிழில் 'ம' என்பது பெயரும் அதுவே, ஒலியும் அதுவே. அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை 'எச், இ, என்' என்று கூட்டிவிட்டு நிற்கும். 'எச்' என்ற பெயருக்குள் 'ஹ' எங்கே இருக்கிறது? படப் புத்தகத்தில் கோழியைப் பார்த்து 'ஹென்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ஊகித்துவிடும். கேட்காத பிள்ளைக்கு ஊகிக்க ஒன்றுமில்லை, அதனால் மனப்பாடத்துக்குப் போய்விடுகிறது.

முதல் வாரம் பாடத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு 3 நிமிடம்: 26 எழுத்துகளின் ஒலி (பெயர் அல்ல), 10 மூன்றெழுத்துச் சொற்கள், நாலு வரிப் பத்தி ஒன்று. மூன்று பீரியடில் முடியும். எங்கே தடுக்கிறதோ அதை வைத்து மூன்று குழு. ஒலியிலேயே தடுக்கிற கடைசிக் குழுவுக்கு முதலில் ஆறு ஒலிகள் போதும்: ஸ், அ, ட், இ, ப், ன். இவற்றிலேயே 'ஸிட்', 'பின்', 'டின்', குழாய்க்கான 'டேப்' எல்லாம் வந்துவிடும்.

'பின்', 'பிக்' இரண்டின் முதல் ஒலியும் நம் எழுத்தில் ஒரே 'ப' என்பதால் குழப்பம் கட்டாயம் வரும். வாய்க்கு நேராக ஒரு துண்டுத் தாளைப் பிடித்து, குண்டூசிக்கான 'பின்', பெரியதுக்கான 'பிக்' இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். முதலாவதுக்குத் தாள் ஆடும், அடுத்ததுக்கு ஆடாது. விளக்கிச் சொல்வதைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

திண்ணை:
வீட்டுப்பாடத்தையும் பாருங்கள். 'பெற்றோர் உதவியுடன் செய்க' என்று கொடுத்தால் இடைவெளி இன்னும் அகலும். மில்லில் இருந்து ராத்திரி 7 மணிக்கு வருகிற அம்மா என்ன செய்வார்? வகுப்பில் வாசித்து முடித்த 5 வரியை மட்டும் அனுப்புங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைக்கிறதா என்று பார்த்தால் போதும். வாய் ஓடி விரல் நின்றால் அது மனப்பாடம். முடிந்ததும் "என்னடா சொல்லுது இது?" என்று தமிழில் கேட்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வீடியோ வேண்டாம். ஒரே போன், அதுவும் அப்பாவோடு போய்விடும், டேட்டாவும் பகலிலேயே தீர்ந்திருக்கும். 40 விநாடி ஆடியோவை ராத்திரியில் அனுப்பினால் கேட்பார்கள்.

கண்ணையும் சோதியுங்கள். பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவர்களை 'மக்கு' என்று ஒதுக்கிவிடுகிறோம், மனசு வலிக்கும் விஷயம் இது. கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும்.

ஒரு பெற்றோர்:
அரசுப் பள்ளியிலேயே இங்கிலீஷ் மீடியம் இருக்கிறதே, பொண்ணை அதில் மாற்றினால் சரியாகிவிடாதா?

கரும்பலகை:
2012-13 முதல் அந்தப் பிரிவுகள் பரவலாக வந்துவிட்டன. பிள்ளை நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்ற உங்கள் ஆசையில் தப்பே இல்லைம்மா. ஆனால் வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு ஆங்கிலத்தோடு கணக்கும் அறிவியலும் சேர்ந்து புரியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. முதலில் அவள் வகுப்புக்கான ஆங்கில வழி அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்க வைத்து, புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாதியாவது சொன்னால் மாற்றலாம். இல்லையென்றால் தமிழ் வழியிலேயே இருந்துகொண்டு, மேலே சொன்ன வாசிப்பை ஒரு வருடம் தினமும் 20 நிமிடம் செய்யட்டும்.