சிக்குக் கோலத்தைப் பக்க ஓரமாக மாற்றும்போது மாஸ்க்கில் வெளிர் படலம் தங்குகிறது: உதவி தேவை

அல்சூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவுக்கு ஏ4 அளவில் அழைப்பிதழ் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பூ ஓரங்களை வைக்க மனம் வரவில்லை. என் அம்மா பல ஆண்டுகளாக ஒரு கோல நோட்டு வைத்திருக்கிறார். அதிலுள்ள ஒரு சிக்குக் கோலத்தை நான்கு பக்கமும் ஓடவிட்டு, வாசலில் கோலத்தைச் சுற்றி இடும் காவியின் நிறத்திலேயே அதை அச்சிட வேண்டும் என்பது என் விருப்பம்.

கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2480 × 3508 பிக்சல் கொண்ட வெள்ளைப் பக்கத்தைத் திறந்தேன். அதன்மேல் முழுவதும் காவி நிறம் நிரப்பிய ஒரு லேயரை (தனி அடுக்கை) வைத்து, அதற்குக் கறுப்பு மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) சேர்த்தேன். நோட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, நிறம் நீக்கி, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்றி, அதில் ஒரு துண்டை வெட்டி மாஸ்க்கில் வரிசையாக ஒட்டினேன். வெள்ளை உள்ள இடத்தில் காவி தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் மறையும் என்பதால் கோல இழை மட்டும் காவியில் வந்தது. திரையில் நன்றாகவே இருந்தது.

சிவாஜி நகர் பக்கம் ஒரு கடையில் மாதிரி அச்செடுத்தபோதுதான் குறை தெரிந்தது. இழைகளுக்கு இடையில் வெறும் தாளாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிர் சிவப்பாக ஒரு படலம் பரவியிருக்கிறது. அதிலும் ஒவ்வொரு துண்டின் இடது முனையில் படலம் அழுத்தமாக இருப்பதால், ஓரம் முழுவதும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அடர்வை, குறைத்தால் படலத்தோடு கோலமும் மங்குகிறது. இன்னொரு குறை, பக்கவாட்டு ஓரங்கள் கீழ் மூலையில் பாதிக் கோலத்தோடு வெட்டுப்பட்டு நிற்கின்றன. எங்கே தவறு செய்தேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பானஸ்வாடி வடிவமைப்பாளர்:

சகோதரி, படத்தைப் பார்த்தால் இந்தக் குறை பிடிபடாது. மாஸ்க்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறுபடத்தை ஆல்ட் விசையோடு சொடுக்குங்கள். அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வந்து, மாஸ்க் மட்டும் திரையில் நிற்கும். லினக்ஸில் ஆல்ட் வேலை செய்யாவிட்டால் கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு இழைகளுக்கு நடுவே கறுப்பாகத் தோன்றும் இடத்தைக் கலர் பிக்கரால் (நிறத்தின் எண்ணைக் காட்டும் கருவி) தொட்டு, துண்டின் இரு முனைகளிலும் வரும் எண்களை எழுதுங்கள்.

அல்சூர்வாசி:

நன்றி ஐயா. வலது முனையில் 22, இடது முனையில் 61 என்று வருகிறது. கண்ணுக்கு இரண்டுமே கறுப்பாகத்தான் தெரிந்தன.

பானஸ்வாடி வடிவமைப்பாளர்:

உங்கள் கேள்விக்கு விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. மாஸ்க்கில் முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. இரண்டுக்கும் இடைப்பட்ட எதுவும் அரைகுறையாக நிறத்தைக் கசிய விடும். 22 என்றால் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு காவியும், 61 என்றால் 24 பங்கு காவியும் அங்கே கசிகின்றன. நோட்டுத் தாள் படத்தில் தூய வெள்ளையாக விழவில்லை, இடது பக்கம் உங்கள் கையோ கைப்பேசியோ நிழல் தட்டியிருக்கிறது. அந்தச் சாம்பல் நிறம் தலைகீழானபோது முழுக் கறுப்பாகாமல் நின்றுவிட்டது.

உடனே கறுப்பு வெள்ளை அளவை மாற்றும் லெவல்ஸுக்குப் போய்க் கறுப்பு முனையை 65-க்குத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். படலம் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் நிழலே இல்லாத வலது பக்கத்து மெல்லிய இழைகளும் சேர்ந்து தேயும். ஆகவே முதலில் நிழலைச் சமன் செய்யுங்கள். தலைகீழாக மாற்றுவதற்கு முந்தைய படத்தில் லேயரை நகலெடுத்து, மேல் நகலுக்கு, படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளர் 100 பிக்சலுக்கு மேல் கொடுங்கள். இழைகள் கரைந்து நிழல் மட்டும் மிஞ்சும். அந்த நகலின் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் முறையை) டிவைட் என்று மாற்றியதும், கீழ்ப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அந்த இடத்து நிழலால் வகுபட்டு, தாள் எங்கும் ஒரே வெள்ளைக்கு வரும். பிறகு இரண்டு லேயரையும் இணைத்து, தலைகீழாக்கி, லெவல்ஸில் கறுப்பு முனையை 40 அளவுக்கும் வெள்ளை முனையை 200 அளவுக்கும் நகர்த்துங்கள். சரியான எண்ணை உங்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாப் புள்ளியையும் முழுக் கறுப்பாகவோ முழு வெள்ளையாகவோ மாற்றும் த்ரெஷோல்ட் மட்டும் வேண்டாம். அது இழையின் விளிம்பில் உள்ள சாம்பல் புள்ளிகளையும் அழித்துவிடுவதால், வளைவுகள் ரம்பப் பல்போல் ஆகிவிடும்.

மாஸ்க்கில் ஒட்டும்போது துண்டு உடனே அதோடு சேராமல் மிதக்கும் தெரிவாக நிற்கும். கண்ட்ரோல் எச் அழுத்தி நங்கூரமிட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி, காட்டன்பேட்டை:

மேலே சொன்னது முழுவதும் சரி. திரையில் தெரியாதது தாளில் தெரிவதற்கான காரணத்தை நான் சொல்கிறேன். வெளிர் நிறத்தை இயந்திரம் வெளிர் மையால் அடிப்பதில்லை. அதே மையைச் சிறு சிறு புள்ளிகளாகத் தூவுகிறது. பக்கத்திலேயே வெறும் தாளின் வெள்ளை இருப்பதால், கண் அந்தத் தூவலை உடனே பிடித்துவிடும்.

மாஸ்க் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. ரூபிலித் என்ற செந்நிறப் படலத்தைக் கத்தியால் கீறி, வேண்டாத பகுதியை உரித்தெடுத்துத்தான் அப்போது மாஸ்க் செய்தோம். அச்சுப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது என்பதால், நம் கண்ணுக்கு ஊடுருவித் தெரிகிற அந்தச் சிவப்பு, பிலிமுக்குக் கறுப்பாகவே இருந்தது. ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் குவிக் மாஸ்க் (தெரிவைத் தூரிகையால் வரையும் வசதி) போட்டால் படத்தின்மேல் சிவப்பு பரவுகிறதே, அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் அது.

மூலை வெட்டுப்படுவது அளவுக் கணக்கின் குறை. பக்க அகலத்தை வைத்துத் துண்டை அமைத்தால் உயரத்தில் இடிக்கும். புள்ளிக்குப் புள்ளி 124 பிக்சல் என்று வையுங்கள். 2480-இல் சரியாக 20 அடங்கும், ஆனால் 3508-இல் 28 அடங்கி 36 பிக்சல் மிஞ்சும். ஆகவே பக்கத்தை விட்டுவிட்டுக் கோலத்திலிருந்து தொடங்குங்கள். அகலத்துக்கு 18 புள்ளி, அதாவது 2232 பிக்சல். உயரத்துக்கு 26 புள்ளி, அதாவது 3224 பிக்சல். இப்படி வைத்தால் இடம் வலம் 124 பிக்சலும் மேல் கீழ் 142 பிக்சலும் வெற்றிடமாக நிற்கும், ஏறக்குறைய 10.5 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டரும். தாள் வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த இடைவெளியில் குறை தெரியாது. இரண்டு புள்ளிக்கு ஒரு துண்டு என்றால் மேலே 9, பக்கவாட்டில் 13 என்று மூலையையும் சேர்த்து முழு எண்ணாக அமையும்.

ஆனால் மூலைக்கு நேர்த்துண்டை வைக்காதீர்கள், அம்மா. சிக்குக் கோலத்தில் இழை எங்கும் அறுந்து நிற்கக் கூடாது. மூலையில் அது வளைந்து திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தை உங்கள் தாயாரிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு மூலை போதும், மற்ற மூன்றையும் 90 பாகையாகச் சுழற்றி வைத்துக்கொள்ளலாம்.

அல்சூர்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிவைட் வழியில் நிழல் முழுவதும் போய்விட்டது. இழைகளுக்கு நடுவே எங்கே தொட்டாலும் இப்போது 0 வருகிறது. ஓரிடத்தில் மட்டும் பேனா மை மங்கியிருந்ததால் இழை விட்டுப்போயிற்று. வெள்ளைத் தூரிகையால் மாஸ்க்கிலேயே அதைத் தொட்டு இணைத்தேன்.

மூலையைப் பற்றிச் சொன்னதும் அம்மா கறுப்புப் பேனாவை எடுத்து, நான்கு புள்ளி வைத்து, மூன்றாம் முயற்சியில் திருப்பத்தைப் போட்டுக் கொடுத்தார். அதைக் கைப்பேசியில் எடுக்காமல் ஸ்கேனரில் வைத்து எடுத்தேன். இன்று வந்த மாதிரி அச்சை அவரிடம் கொடுத்தபோது, இடது மேல் மூலையில் விரலை வைத்து இழையைத் தொடர்ந்துகொண்டே போய், நான்கு பக்கமும் சுற்றி அதே மூலைக்குத் திரும்பி வந்தார். நாளை 150 படிகள் அச்சுக்குப் போகின்றன.