தம்பி பிலிப்பைன்சில் 2 வருச ஊழியம்: ஒரு கிழமை எப்படிப் போகும்?

கேள்வி: கல்லடித்_தங்கச்சி

வணக்கம். தம்பிக்கு 20 வயசு. கொழும்பில வேலை செய்த காலத்தில பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில சேர்ந்தவர். சனம் மோர்மன் சபை எண்டு சொல்லுறது அதைத்தான். இப்ப 24 மாத ஊழியத்துக்கு, அதாவது வீடு வீடாப் போய்ச் சபையைப் பற்றிச் சொல்லுறதுக்கு, அழைப்பு வந்திருக்கு. நாடு பிலிப்பைன்ஸ், மொழி தகாலொக். வீட்டில மற்ற எல்லாரும் மெதடிஸ்ட், ஆருக்கும் இந்தச் சபை நடைமுறை தெரியாது.

அம்மா கேக்கிறது இதுகள்தான். கிழமையில என்ன என்ன செய்வாங்க? எப்ப கதைக்கலாம்? உடுப்புத் தோய்க்கிறது, சமைக்கிறது ஆரு? செலவுக்குக் காசு அனுப்பணுமா? அம்மம்மாவுக்கு 84 வயசு, அதுவும் ஒரு யோசினை. தெரிஞ்சவங்க விவரமாச் சொன்னா உதவி.

பதில் 1: வாவிக்கரை

தங்கச்சி, அம்மாக்கு முதல்ல இதைச் சொல்லுங்க: அவங்கட கிழமை திங்கள்லதான் நிக்குது. திங்கள் பி-டே, அதாவது ஆயத்த நாள். உடுப்புத் தோய்க்க, சந்தைக்குப் போக, முடி வெட்ட, மின்னஞ்சல் எழுத, வீட்டுக்குக் கதைக்க, பந்தடிக்க, எல்லாத்துக்கும் அந்த ஒரு பகல்தான். பின்னேரம் 6 மணியோட அது முடிஞ்சிரும். அதுக்குப் பிறகு வெள்ளைச் சட்டையும் பேர்ப்பட்டியும் போட்டு வழமை மாதிரி வீடு சந்திக்கப் போகணும். திங்கள் பிழைச்சா மறுகா ஆறு நாளும் பிழைக்கும்.

மற்ற நாள்ல விடிய 6.30க்கு எழும்பணும். அரை மணி உடற்பயிற்சி, குளிப்பு, சாப்பாடு. பிறகு தனிய வேதப் படிப்பு, துணையோட (சோடியா ஊழியம் செய்யிற மற்றவரோட) சேர்ந்த படிப்பு, மொழிப் படிப்பு. 10 மணியளவில வெளிய இறங்கினா இரவு 9 மணிக்குத்தான் திரும்ப வீடு. 10.30க்கு லைட் நிக்கணும். அந்தந்த இடத்துக்கு ஏத்த மாதிரி மிஷன் தலைவர், அதாவது அங்க ஊழியர்களுக்குப் பொறுப்பானவர், இதைக் கொஞ்சம் முன்ன பின்ன மாத்துவார்.

கிழமைக்கு ஒரு நாள், அனேகமாச் செவ்வாய் இல்லாட்டிப் புதன், பக்கத்துப் பகுதி ஊழியர்கள் எல்லாரும் கூடுற மாவட்டக் கூட்டம் இருக்கும். இன்னொரு நாள் ஒண்டு, ஒண்டரை மணித்தியாலம் இருந்து அடுத்த கிழமைக்குத் திட்டம் போடுவாங்க. ஞாயிறு ஆராதனை 2 மணித்தியாலம். மாதத்தில முதல் ஞாயிறு ரெண்டு நேரச் சாப்பாட்டை விட்டு உபவாசம். அண்டைக்கு வெயிலுக்க கன தூரம் நடக்கிற மாதிரித் திட்டம் போட்டா மயக்கம்தான் வரும். பக்கத்து வீடுகளை அண்டைக்கு வைக்கணும்.

புது ஆக்கள் தடுமாறுற நேரம் பகல் 1 மணி தொடக்கம் 4 மணி வரை. வரச் சொன்ன வீட்டில ஆள் இருக்காது, இருந்தாலும் நித்திரை. எங்கட ஊர் வெயிலும் அந்த ஊர் வெயிலும் ஒரே குணம். அதால ஒவ்வொரு சந்திப்புக்கும் 10 நிமிச நடை தூரத்தில இன்னொரு வீட்டை எழுதி வச்சிருக்கணும். அது இல்லாட்டி ஜீப்னி எண்ட சின்ன பஸ்ல ஏறி இறங்கியே அரை நாள் போயிரும், காசும் போயிரும்.

துணை இல்லாமத் தனிய எங்கயும் போக ஏலாது. குளியலறை, மலசலகூடம் தவிர எந்த நேரமும் ஒருத்தர் கண்ணுக்கும் காதுக்கும் மற்றவர் எட்டுற தூரத்தில இருக்கணும். ஆரோட எண்டதையும் அவரே தெரிவு செய்ய ஏலாது. 6 கிழமைக்கு ஒருக்கா ட்ரான்ஸ்பர் வரும். அப்ப துணை மாறலாம், ஊரும் மாறலாம், ரெண்டும் மாறாமலும் இருக்கலாம். முதல் 12 கிழமை பழக்கி விடுற ஒருத்தரோடதான். அறையில மின்விசிறி ஒண்டுதான் எண்டா அது ஆர் பக்கம் திரும்புது எண்டதுதான் முதல் சண்டை. அதைத் திட்டம் போடுற கூட்டத்தின்ட கடைசியில வாய் விட்டுக் கதைச்சு முடிக்கச் சொல்லித்தான் பயிற்சியே குடுக்கிறாங்க. மனசில வச்சிருந்தா ஆறு கிழமையும் நரகம்.

பதில் 2: சலவைக்கல்

உடுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதைச் சின்ன விசயம் என்று விட்டுத்தான் பலர் முதல் மாதத்திலேயே சட்டையைப் பழுதாக்குகிறார்கள்.

அரைக் கைச் சட்டை 7 கொண்டு போகட்டும். நூறு வீதம் பருத்தி வேண்டாம். பொலியெஸ்டர் 65, பருத்தி 35 என்று துண்டில் எழுதியிருக்கும் கலப்புத் துணி வாங்குங்கள். பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. சில பிரதேசங்களில் இளநீலச் சட்டைக்கும் அனுமதி உண்டு. அழைப்போடு வரும் உடுப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

வெள்ளைச் சட்டையில் முதலில் போவது கொலர். வியர்வையும் தோல் எண்ணெயும் சேர்ந்து மஞ்சள் கோடு போடும். அதைப் பார்த்தவுடன் குளோரின் வெளிற்றியை ஊற்றுவார்கள். அது வியர்வைக் கறையை இன்னும் மஞ்சளாக்கும், பொலியெஸ்டரையும் பழுப்பாக்கும். செய்ய வேண்டியது இதுதான்: கொலரையும் அக்குளையும் நனைத்து, சன்லைட் மாதிரிக் கட்டிச் சவர்க்காரத்தை நேரே தேய்த்து, 20 நிமிடம் அப்படியே விட வேண்டும். பிறகு பழைய பல்துலக்கியால் மெதுவாக உரச வேண்டும், அமுக்கி உரசினால் கொலர் மடிப்பில் நூல் பிரியும். அதன் பிறகுதான் வாளியில் ஊற வைப்பது. அலசுவது இரண்டு தண்ணீரில். சவர்க்காரம் மிஞ்சியிருந்தால் இஸ்திரிக்கைச் சூட்டில் அந்த இடமே மஞ்சளாகிவிடும்.

திங்கட்கிழமையை மட்டும் நம்பி எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது பிழை. பிலிப்பைன்சில் ஆனி தொடக்கம் கார்த்திகை வரை புயல் மழைக் காலம். திங்கள் மழை பெய்தால் புதனுக்குப் போடச் சட்டை இல்லை. வியாழன் இரவு 2 சட்டையைத் தோய்த்து, முறுக்காமல் உதறி, விசிறிக்கு முன்னால் தொங்க விட்டால் விடியக் காய்ந்திருக்கும்.

சப்பாத்து 2 சோடி, ஒன்று விட்டு ஒரு நாள் போட வேண்டும். நனைந்த சோடிக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்ற வேண்டும். வெயிலில் வைத்தால் அடித்தோலின் பசை விடும். காலுறை 10 சோடிக்குக் குறையக் கூடாது. ஈரக் காலுறையோடு நாள் முழுக்க நடந்தால் விரலிடுக்கில் பங்கசு வரும், அது வந்தால் இலேசில் போகாது.

பதில் 3: தம்பிலுவில்_காத்து

சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்படத் தேவையில்ல. அங்க மூண்டு நேரமும் சோறுதான். உறைப்புத்தான் குறைவு.

எங்கட சமையலுக்கு வேண்டிய சாமான் பாதி சந்தையிலயே கிடக்கும், பேர்தான் வேற. மலுங்காய் எண்டா முருங்கை இலை. அம்பலாயா எண்டா பாகற்காய். கங்கொங் எண்டது நம்மட கங்குன் கீரைதான், பேர்கூட மாறல்ல. தேசிக்காய்க்குப் பதிலா கலமன்சி எண்டு சின்ன உருண்டைக் காய் இருக்கும். தேங்காயைச் சந்தையிலயே மெசின்ல துருவிக் குடுப்பாங்க, அதைப் பிழிஞ்சா சொதி வைக்கலாம். மைசூர்ப் பருப்பு சின்ன ஊர்கள்ல தேடினாலும் கிடைக்காது. ஆனா பயறு எங்கயும் இருக்கும், மொங்கோ எண்டு கேக்கணும். கழுவி ஒரு மணி ஊற வச்சு, மஞ்சள், உள்ளி போட்டு அவிச்சு, கடைசியில தேங்காய்ப்பால் விட்டா பருப்புக்கறிக்கு ஈடு. அரிசி பச்சையரிசிதான். நம்மட நாட்டரிசிக்கு விடுற மாதிரித் தண்ணி விட்டா களியாப் போகும். ஒரு பேணிக்கு ஒண்டரைப் பேணி காணும்.

வறுத்து அரைச்ச கறித்தூள் அரைக் கிலோ, கடையில அடைச்ச பக்கெட்டா வாங்கிக் குடுத்து விடுங்க. வீட்டில கட்டின பொட்டலம் எண்டா விமான நிலையத்தில கேள்வி கூட. பன்றியும் மாடும் நிறையச் சமைப்பாங்க. சாப்பிட்டே ஆகணும் எண்டு சட்டம் ஒண்டும் இல்ல, முதல் சந்திப்பிலயே சிரிச்சுக்கொண்டு சொல்லி விட்டாப் போதும். கோப்பியும் தேயிலையும் சபையில விலக்கு, அங்க வீடுகள்ல கோப்பிதான் முதல்ல வரும். தண்ணி இல்லாட்டி மைலோ கேக்கலாம்.

காசு விசயம். ஊழியத்துக்குச் சம்பளம் இல்ல. வீட்டால ஒவ்வொரு மாதமும் சபைக்கு ஒரு தொகை கட்டணும். அது நாட்டுக்கு நாடு வேற, உங்கட குடும்பம் எவ்வளவு கட்டணும் எண்டதைக் கிளைத் தலைவரிட்ட (தம்பி போற உள்ளூர்ச் சபைக்குப் பொறுப்பானவர்) கேளுங்க. ஏலாத குடும்பத்துக்கு உதவியும் இருக்கு. அங்க வாடகையை மிஷன் பாக்கும். சாப்பாடு, பஸ், சவர்க்காரத்துக்கு மாதாமாதம் ஒரு அட்டையில காசு வரும். முதல் ரெண்டு கிழமை சோடாவும் பொரிச்ச கோழியும், கடைசிக் கிழமை நூடில்சும் டின் மீனும், இதுதான் வழமையா நடக்கிறது. வந்த காசை நாலாப் பிரிச்சு, திங்கள் மட்டும் எடுக்கப் பழகட்டும். எடுத்த உடன அரிசி வாங்கணும். ரெண்டு பேருக்குக் கிழமைக்கு 4, 5 கிலோ போகும். வீட்டால அடிக்கடி கைக்காசு அனுப்பாதீங்க. துணைக்கு வராத காசு ஒருத்தருக்கு மட்டும் வந்தா ஒரே அறைக்குள்ள அது நல்லா இராது.

பதில் 4: அறுகம்பை

பிளக்கை ஆரும் சொல்லல்ல. அங்க தட்டையான ரெண்டு கம்பி. நம்மட மூண்டு கம்பி பொருந்தாது, அடப்டர் ரெண்டு வாங்கி விடுங்க. வோல்டேஜ் 220, அதால சார்ஜருக்குப் பிரச்சினை இல்ல.

காய்ச்சல் வந்தா டெங்கு எண்டுதான் முதல்ல நினைக்கணும். பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரின், இபுபுரூபன் கூடவே கூடாது. காய்ச்சல் இறங்கினது எண்டு எழும்பித் திரியிற 3ஆம் நாள் தொடக்கம் 7ஆம் நாள் வரைதான் ஆபத்து. அந்த நேரத்தில ரத்தம் பாக்காம விடக் கூடாது. வெள்ளத்துக்க இறங்கி நடந்தா எலிக்காய்ச்சல். அம்பாறை வயல்காரருக்கு டொக்சிசைக்கிளின் குடுக்கிறது எதுக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அங்கயும் அதே மருந்துதான், வெள்ளத்தில நடந்த உடன மிஷன்ல சொல்லிக் கேட்டு எடுக்கணும், தானா வாங்கிப் போடக் கூடாது. பல்லுக் குத்து இருந்தா போக முந்தியே முடிச்சு விடுங்க. மூக்குக்கண்ணாடி போடுறவர் எண்டா ரெண்டு.

தகாலொக்குக்கு ஒரு உதவி: சொல்லுத் தொடக்கத்தில 'ங' வரும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதுக்கு மாசக்கணக்கா மெனக்கெடுவாங்க. தம்பி 'ஙப்போல் வளை' எண்டு ஆத்திசூடி படிச்ச வாய். 'ஙயோன்' எண்டா இப்ப, இண்டைக்கு. கஷ்டம் வேற இடத்தில: வினை முன்னால வரும், 'சாப்பிட்டேன் நான் சோறு' எண்ட மாதிரி. பெரியாக்களோட கதைக்கக்க 'போ' எண்டு சேக்கணும், அது நம்மட 'போ' இல்ல, மரியாதைச் சொல்லு!

கல்லடித்_தங்கச்சி

எல்லாருக்கும் நன்றி. 'போ'வுக்கு அம்மா சிரிச்சிட்டா. கதைக்கிற நேரமும் அம்மம்மா விசயமும்தான் மிச்சம். அக்கா குவைத்தில நிக்கிறா, அவவும் சேரணும்.

பதில் 5: வாவிக்கரை

வீட்டுக்குக் கதைக்கிறது 2019 பெப்ரவரிக்கு முந்தி வருசத்தில ரெண்டு தரம்தான், நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்ப ஒவ்வொரு கிழமையும் ஆயத்த நாள்ல வீடியோவில கதைக்கலாம். எடுக்கிறது அவர்தான், நீங்க இல்ல. பிலிப்பைன்ஸ் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்க திங்கள் பகல் 2 மணி எண்டா மட்டக்களப்பில 11.30, குவைத்தில விடிய 9 மணி. அக்காக்கு அந்த நேரம் வேலை வீட்டில ஏலாது எண்டா, தம்பியிட்ட முந்தின கிழமையே சொல்லி நேரத்தை மாத்தணும். அங்க 6 மணி, அதாவது நமக்கு 3.30 தாண்டினா அந்தக் கிழமைக் கதை போச்சு.

முதல் பத்து நிமிசம் அம்மா மட்டும். சொந்தக்காரர் பதினாலு பேர் ஒரு போனுக்குள்ள முகம் காட்டினா ஆரும் ஒண்டும் கதைச்ச மாதிரி இராது. 'எப்பிடி இருக்காய்' எண்டா 'நல்லம்' எண்டுதான் வரும். 'இந்தக் கிழமை என்ன சமைச்ச, ஆர் ஆரைச் சந்திச்ச, சப்பாத்து என்ன நிலை' எண்டு கேளுங்க. வீட்டுப் பிரச்சினையைக் கதை முடியிற நேரத்தில போட்டுட்டு வைக்காதீங்க. அவருக்கு அதை ஆறு நாள் தூக்கிக்கொண்டு நடக்கணும்.

அம்மம்மா விசயம் கஷ்டமானது, ஆனா போக முந்தியே கதைக்கணும். ஏதும் நடந்தா தம்பிக்கு நேர மெசேஜ் போடக் கூடாது. ரோட்டில நிண்டு போன்ல பாத்து அறியிறது சரியில்ல. கிளைத் தலைவருக்குச் சொன்னா, அவர் மிஷன் தலைவருக்குச் சொல்லி, அவர் தம்பியை இருத்தி வச்சுச் சொல்லுவார். அதுக்குப் பிறகு வீட்டாரோட கதைக்க விடுவாங்க, திங்கள் வரை காக்கத் தேவையில்ல. வழமையில ஊழியர்கள் அங்கயே நிப்பாங்க, செத்த வீட்டுக்கு வாறது அருமை. 31ஆம் நாள் நினைவுக்கும் வர மாட்டார் எண்டே வச்சுக்கொள்ளுங்க. அதைத் தம்பியே அம்மம்மாட கையைப் பிடிச்சுச் சொல்லிப்போட்டுப் போறது நல்லம்.

அம்மா மெதடிஸ்ட் எண்டபடியா அவவுக்கு இது புதுசா இராது. மெதடிஸ்ட் ஊழியர் வில்லியம் ஓல்ட் 1814இல மட்டக்களப்புக்கு வந்து, மத்திய கல்லூரியைத் தொடக்கி, 1815 ஏப்ரலில இங்கயே கண்ணை மூடினவர். அவர்ட வீட்டாருக்கு அந்தச் செய்தி கப்பல்ல போய்ச் சேரவே மாசக்கணக்கு.

மிஷன் அலுவலக நம்பரை ஒரு தாள்ல எழுதி, கலண்டருக்குப் பின்னால ஒட்டி வையுங்க. போன்ல மட்டும் வச்சிருந்தா போன் பழுதான அண்டைக்குத்தான் தேவை வரும்.

கல்லடித்_தங்கச்சி

எழுதி ஒட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை அம்மம்மா வீட்டை போறம், தம்பியும் வாறார். சட்டைத் துணி 65க்கு 35 எண்டு கேட்டா கடையில ஒருத்தருக்கும் தெரியல்ல, கொலருக்குப் பின்னால உள்ள துண்டைத்தானே பாக்கணும்?

பதில் 6: சலவைக்கல்

இல்லை, இடப் பக்க உள்தையலில் இடுப்புக்குக் கிட்ட ஒரு சின்னத் துண்டு இருக்கும், அதில்தான். அதுவும் இல்லையென்றால் துணியைக் கையில் இறுக்கிக் கசக்கி விட்டுப் பாருங்கள். மடிப்பு அப்படியே நின்றால் பருத்தி, மெல்ல விரிந்து வந்தால் கலப்பு.